மூன்றாவது முடிச்சு

இன்று காலை தாலிக்குப் புதுக்கயிறு மாற்ற உட்கார்ந்தேன். மஞ்சளை உரைத்துக் கயிற்றில் தடவிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈர மஞ்சளின் வாசனையும் நனைந்த கல்லின் வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னங்க டீச்சர், அய்யா போயி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் கயிறு மாத்துறீங்க?" என்றாள். "ஆமாம்" என்றேன். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. விராலிமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு நீங்கள் ஓட்டிய வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கரி உலை. அது புகைந்து என்ஜின் பிடிப்பதற்குள் ஜனங்கள் இறங்கி, ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். நீங்கள் கைச்சக்கரத்தைச் சுற்றி உலைக்குக் காற்றுக் கொடுப்பீர்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். வண்டி எப்போது கிளம்பும் என்று மிஷன் பள்ளிக்கூட டீச்சர் டிரைவரிடம் கேட்பதை யார் தப்பாக நினைப்பார்கள்? நம்முடைய கல்யாணத் திட்டம் முழுவதும் அந்தப் புகைக்குள்தான் உருவானது.

என் அப்பா ஆவூர்ப் பக்கத்துப் பழைய வேதக்காரர், பரம்பரைக் கிறிஸ்தவர். வேறு மதம், வேறு சாதி என்று வந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதைவிடக் கல்லறையில் வைப்பது அவருக்குச் சுலபம். அப்பா சம்மதிக்காமல் பங்குச் சாமியாரும் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார். உங்கள் வீட்டிலோ அரிவாளைப் பற்றியே பேச்சு. ஆகவே ஒருவர் கண்ணிலும் படாத இடம் வேண்டும் என்றேன். சமஸ்தானத்து வேட்டைக்காட்டுக்குள், மழை பெய்தால் மட்டும் விழுகிற அருவியை நீங்கள் சொன்னீர்கள்.

"ஐப்பசி அடைமழையில காவக்காரன்கூட அங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான், டீச்சர். நாம மூணு பேருதான்."

மூன்றாவது ஆள் உங்கள் அக்கா. சாட்சி இல்லாத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நான் பிடித்த பிடியால் வந்தவர்.

அன்று அருவி பாறையை மறைத்துக்கொண்டு விழுந்தது. ஆபத்து நேரத்தில், சாமியார் இல்லாத இடத்தில், எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கான்வென்டில் கன்னியர் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நம் நிலைமை ஆபத்துதான் என்று நானே முடிவு செய்திருந்தேன். நீங்களோ நேராக அருவிக்குள் போய் நின்றுகொண்டீர்கள்.

"நனையாத எடம் ஒண்ணு பாக்கியில்ல. இது போதாதா?"

"போதாது. நான் ஊத்தணும். ஊத்தும்போதே வார்த்தையையும் சொல்லணும். இங்கிட்டு வந்து குனிங்க."

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியே குனியச் சொல்றா பாரு, அக்கா!"

"குனிடா. இன்னைக்கு ஒரு நாளு மட்டுமா குனியப் போற?" என்றார் அக்கா.

பித்தளைச் செம்பில் பிடித்து மூன்று முறை ஊற்றினேன். ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். என் கம்மலை உருக்கிச் செய்த சின்னச் சிலுவையை மஞ்சள் கயிற்றில் கோத்து நீங்கள் இரண்டு முடிச்சுப் போட்டீர்கள். மூன்றாவது நாத்தனார் முடிச்சு. அதை அக்கா தன் விரல்களால் இறுக்கிப் போட்டார். போட்டு முடித்ததும் அவர் சுற்றிலும் பார்த்து, "ஒருத்தரும் பாக்கலையில்ல?" என்று கேட்டார். "ஒருத்தரும் பாக்கல" என்றீர்கள். நாம் மூவரும் நிம்மதியாகச் சிரித்தோம்.

புதுக்கோட்டையில் ஓர் ஒற்றை அறை வீடு. இரண்டு மழைக்காலம் இருந்தோம். மூன்றாவதில் உங்களுக்கு விஷ ஜுரம் கண்டது. இறங்கவே இல்லை. நினைவு தெளிந்த ஒரு மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய எரிக்க விட்டுறாத டீச்சர். உசுரோட இருக்கயிலேயே கரியில வெந்தாச்சு. மண்ணுல வச்சுரு" என்றீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள், இருமல் வந்தது. "வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

நீங்கள் போன காலையில் நான் அழுவதற்கு முன் சாமியாரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஞானஸ்நானம் கொடுத்தது நீ. கேட்பதும் நீ. பார்த்தவர் யாரம்மா?" என்றார். அக்காவைச் சொன்னேன். "அவரை அழைத்து வா. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லறையில் இடம் தருகிறேன்."

திரும்பி வருவதற்குள் உங்கள் அண்ணன்மார் வந்து வீட்டை நிறைத்திருந்தார்கள். அக்காவும் இருந்தார், தன் புருஷனுக்குப் பின்னால். எல்லார் முன்பும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னா தெரியும்? அந்தக் காட்டுப் பக்கமே நான் போனதில்ல."

உங்களைத் தூக்கும்போது கூட்டத்தில் ஒரு கிழவி, "பொண்டாட்டிக்குத் தாலிய அறுக்க வேணாமாப்பா?" என்றாள். உங்கள் பெரிய அண்ணன் திரும்பி, "எவ பொண்டாட்டி? அறுத்தா, கட்டுனதா ஆயிராதா? விடு ஆத்தா, அவ கழுத்தத் தொடாத" என்றார்.

சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பியதை வாசலில் நின்று பார்த்தேன். ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்று அத்தனை ஒழுங்காகத் திட்டம் போட்டோம். அந்த ஒழுங்குதான் உங்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

இன்றுவரை எந்தக் கோவில் கணக்கிலும் நான் கன்னிப்பெண்தான். அப்பாவின் உறவுகள் எனக்கு வைத்திருந்த பெயர் வேறு. யார் எப்படிச் சொன்னாலும் நான் உங்கள் விதவை. ஆனால் அதற்குரிய சடங்கைச் செய்ய ஒருவரும் வரவில்லை. கட்டியதை ஒப்புக்கொண்டால்தானே அறுக்க முடியும்? அதனால் தாலி கழுத்திலேயே தங்கிவிட்டது. கயிறு நைந்துபோகும்போதெல்லாம் நானே மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் அக்காவும் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. அவர் கடைசிவரை என் வாசலுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மழை விட்டுவிட்டது. கயிறும் காய்ந்துவிட்டது. சிலுவையைக் கோத்துக் கழுத்தில் போட்டு, எப்போதும் போல் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மூன்றாவதை நான் போடக்கூடாது. அது நாத்தனார் முடிச்சு.