களிக்கு என் வாசனை

ஜூலை 13, ஞாயிறு
காற்று. ஆடி பிறப்பதற்கு முன்பே மாடித் தகரம் படபடக்கிறது. பாம்பு வந்துவிட்டது. பெங்களூர்த் தோழி வெளிநாடு போகிறாள், வளர்த்த பாம்பை என்னிடம் விட்டு, அதன் அரசுப் பதிவுப் பேப்பரையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டி, விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடுகிறது. அப்படியே ராகிக் களி உருண்டை. பெயர்: களி.

அண்ணன் குதித்தான். "பாம்பு வளக்கற புள்ளய எவன் கட்டுவான்?" அண்ணிதான் எனக்காகப் பேசினாள். "வுடுங்க. இந்த வூட்ல பாப்பாவுக்குன்னு என்ன இருக்குது? அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும்." அழுகை வந்துவிட்டது. அம்மா போன பிறகு எனக்காக யாரும் பேசியதில்லை.

பெட்டிக்குள்: தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த சட்டி, நான் போட்டுக் கழற்றிய நைட்டி. துவைக்காமல். என் வாசனை பழகட்டும்.

ஜூலை 17, வியாழன்
லேபில் நல்ல கூட்டம். ஊசியைப் பார்த்ததும் கையை இழுப்பவர்களிடம் அவசரப்படக் கூடாது. களியிடமும் அதேதான். கையைப் பெட்டிக்குள் வைத்து அசையாமல் பத்து நிமிடம். ஒரு சீறல், அப்புறம் உருண்டை. என் கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

அண்ணி கதவருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நைட்டி எதற்கு, எப்போது கடிக்கும், எப்படித் தூக்குவது. சொன்னேன்: மேலிருந்து கை வரக் கூடாது, பக்கத்திலிருந்து வர வேண்டும், நடு உடம்பைத் தாங்க வேண்டும். ஒரு ஆளாவது ஆர்வமாகக் கேட்கிறதே என்று சந்தோஷம்.

வாங்க: ஷாம்பூ, ரீசார்ஜ், பெட்டிச் சூட்டுக்கு பல்பு.

ஜூலை 20, ஞாயிறு
எலியைத் தின்றுவிட்டது! இரண்டு நாள் தொடக் கூடாது. ஃப்ரிட்ஜில் எலி வைத்ததற்காக அண்ணன் பேச்சில்லை. நல்லதுதான்.

ஜூலை 23, புதன்
தானாகவே கைமேல் ஏறியது. மணிக்கட்டில் நாக்கு பட்டது, கூச்சம். இருபது நிமிடம் அப்படியே. என்னை நம்பிவிட்டது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"தொட்டுப் பாக்கறீங்களா அண்ணி?" "அய்யோ, நான் கிட்டயே வல்ல பாப்பா." 

ஜூலை 25, வெள்ளி
ஆடி வெள்ளி. தருமபுரியிலிருந்து காரிமங்கலம் வரை பஸ்ஸில் நின்றபடியே. வந்ததும் பெட்டியைத் திறந்தேன். கடித்துவிட்டது. கட்டைவிரல். ரத்தம் கொஞ்சம், வலி இல்லை, ஆத்திரம்தான். பாம்புக்குப் பால் வார்த்த கதை. துரோகி!

நைட்டி அழகாக மடித்து வைத்திருந்தது. நான் எதையும் மடிக்கிற ஆள் இல்லை.

ஜூலை 26, சனி
ஈரப் பஞ்சால் களியைத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சள். செதில் இடுக்கில் குங்குமம். கிண்ணத்தின் விளிம்பில் காய்ந்த பால்.

குழாயடியில் எதிர்வீட்டு அக்கா: "அடுத்த வெள்ளிக்கும் பாம்பப் பாக்கலாமா? உங்கண்ணிகிட்ட கேட்டுச் சொல்லு. என் தங்கச்சியயும் கூட்டியாறேன், அவளுக்கும் நாகதோசம்."

நேராகச் சமையலறைக்குப் போனேன். "ஏங்க அண்ணி இப்பிடிப் பண்ணுனீங்க?"

மறைக்கவில்லை. "ஆறு வருசம் ஆச்சு பாப்பா. புத்துல பால் ஊத்துனா உள்ள பாம்பு இருக்குதோ இல்லியோ. உசுரோட இருக்கறதுக்கு ஊத்துனா பலிக்கும்னு ஜோசியர் சொன்னாரு. நாலு பேருதான் வந்தாங்க."

"அது நாகமே இல்லீங்க, ஆப்பிரிக்காப் பாம்பு!"

"ஏன், ஆப்பிரிக்காவுல பொம்பளைங்களுக்குப் புள்ள பொறக்கறதில்லியா?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எப்பிடித் தூக்குனீங்க?"

"உன் நைட்டியப் போட்டுக்கிட்டுத்தான். உன் வாசனைக்கு வரும்னு நீதான சொன்ன. பேசாம வந்துது பாப்பா. மஞ்சத்தண்ணி ஊத்தறப்பதான் துடிச்சுது."

அதுவரை அவளை நான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு
பெட்டிக்குப் பூட்டு. சாவி என் பையில். அண்ணி வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை.

எத்தனை டெஸ்ட்டுக்கு அவளுக்கு நானே ரத்தம் எடுத்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கையை இழுத்ததில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. அன்றைக்கு அண்ணனிடம் பேசியது எனக்காக இல்லையா? அதைக் கேட்டேன். "உனக்கும் எனக்கும், ரெண்டுக்குந்தான்" என்றாள். அந்த 'ரெண்டு' மனதை விட்டுப் போகவில்லை.

எலி வைத்தேன். தின்னவில்லை.

ஜூலை 29, செவ்வாய்
நைட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே உருண்டையாகிவிடுகிறது. என் கைக்கும் அப்படியே. மூன்று நாளாக வெறும் முதுகுதான் பார்க்கிறேன்.

ஜூலை 30, புதன்
தூறல். லீவு போட்டேன். கொடியில் கிடந்த அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெட்டியைத் திறந்தேன். அரை மணி நேரம் கழித்துத் தலை நீண்டது. முழுக்கைமேல் ஏறி முழங்கை மடிப்பில் படுத்துக்கொண்டது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "பாத்தியா பாப்பா, பழையபடி உன்கிட்ட வந்துருச்சு."

சட்டையைக் கழற்றினால் போய்விடும்.