கடிகாரம் அனுப்ப வேண்டாம்

மொப்தி, செவ்வாய்க்கிழமை.

அம்மாவுக்கு நூஹூம் பணிவுடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? தங்கை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். இளைத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலோடு வருகிறவர்களுக்கு மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்பது இப்போது என் வேலை. ஊசியை உருவியதும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்னாலேயே விட்டால் உள்ளே கசிந்து கை வீங்கிவிடும். நேற்றுப் பார்த்து என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது.

அப்போது படுக்கையில் இருந்தவர் குலிபாலி குலத்துப் பெரியவர் ஒருவர். நம் திராவோரே குலத்துப் பிள்ளையைக் கண்டால், பரம்பரைக் கேலிமுறைக்காரர்களான குலிபாலிகள் 'பயறுதின்னி' என்று கிண்டல் செய்யாமல் விடுவார்களா?

"பயறு திருடித் தின்ற கையாச்சே! ஊசி பிடிக்கத் தெரியுமாடா?"

"பயறு தின்னது நீங்கதான் தாத்தா. சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது."

ரத்தம் எடுத்து அழுத்தினேன். நேரம் பார்க்க வழியில்லை என்றேன்.

"கையைத்தான் பிடிச்சிருக்கியே, முட்டாளே! நம்ம வழக்கப்படி உன் வீட்டை முழுசா நலம் விசாரிக்கிறேன், அஞ்சு நிமிஷம் ஆயிடும்."

மூச்சு வாங்கி வாங்கி அம்மா, அப்பா, தங்கை, மாடு, கோழி வரை விசாரித்தார். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்காங்க" என்றேன். பிறகு விரலை எடுத்தேன், துளி வீக்கமில்லை. இன்று வார்டு முழுக்க இதே கடிகாரம்தான்.

கையுறைக்குள் தோல் உரிகிறது, தடவிக்கொள்ளக் கொஞ்சம் ஷியா வெண்ணெய் அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. இன்று மட்டும் ஆறு பேரிடம் நீங்கள் நலம் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதானா என்று உடனே எழுதுங்கள்.

நூஹூம்