பிள்ளைக்காகச் சாத்திய கதவு

7 ஜூலை 2025, திங்கள்

அடுத்த வீட்டு ஸாதியா பிள்ளையோடு ஆசுபத்திரியிலிருந்து வந்துவிட்டாள். பெண் பிள்ளை. எறோல் உடனே தன் எஞ்சின் பட்டறையின் இரண்டு தகரக் கதவுகளையும் இழுத்துச் சாத்திவிட்டார். பனிச்சங்கேணி மீனவரின் தோணி எஞ்சின்கள் ஒன்பது திருத்த வந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி, மணிக்கணக்கில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"நாப்பது நாள் முடியுமட்டும் அந்தப் புள்ளைக்குச் சத்தமும் புகையும் போகக் கூடா" என்றார். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் தலையிடிக்காக ஒரு கதவைச் சாத்தியதில்லை இந்த மனுசன்! ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

11 ஜூலை, வெள்ளி

எறோலுக்கு மூன்று நாளாகத் தலையிடி. கண்ணாடியை மாற்றச் சொன்னால் கேட்டால்தானே.

13 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போனோம். தலையிடி போய்விட்டது. "ஆண்டவர் சுகம் தந்திட்டார்" என்கிறார். வேலைநாளில் வந்து லீவு நாளில் போகிற தலையிடிக்குப் பெயர் வேலைக்கள்ளம் என்றேன். சிரித்தோம்.

17 ஜூலை, வியாழன்

பதினோராம் ஆண்டுக்கு எரிபொருள் பாடம் எடுத்தேன். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாமே காபனும் ஐதரசனும் கோத்த சங்கிலிகள். எந்தக் காலத்திலோ செத்து மண்ணுக்குள் போன உயிர்களின் மிச்சம். எரியும்போது ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் காபனீரொட்சைட்டும் நீரும் வரும். போதாவிட்டால் கரியும் காபனோரொட்சைட்டும்.

"கரும்புகைதானே டீச்சர் மோசம்?" என்றாள் ஸுஹைனா. கரும்புகை இருமலைத் தந்து எச்சரித்துவிடும். நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டுதான் ஆளைக் கொல்லும் என்றேன். நல்ல பதில் என்று எனக்கே திருப்தி.

வீட்டுக்கு வந்தால் எறோல் சோறு வேண்டாம் என்கிறார். வாந்தி வருகிறதாம். மீன் பழசோ?

23 ஜூலை, புதன்

உடுப்பு எடுக்க ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். எழுதிவிட்டுப் போகிறேன்.

நேற்றுப் பாடசாலை விட்டு வந்து, தவணைப் பரீட்சைக்குப் புள்ளித்திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். காபனோரொட்சைட்டு நஞ்சேறியவரின் அறிகுறிகள்: தலையிடி, ஒரு புள்ளி. வாந்தி, ஒரு புள்ளி. திறந்த வெளிக்கு வந்தால் குறையும், ஒரு —

ஞாயிற்றுக்கிழமை. பட்டறை பூட்டு.

பேனையை எறிந்துவிட்டு ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பீப்பாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார், கண் திறக்கவில்லை. எறோல், எறோல் எண்டு கத்தினன், கையைப் பிடிச்சு இழுத்தன், அசைக்க ஏலாமப் போச்சு. ஸாதியாட புருசன் நிஸ்தார் மதிலால பாஞ்சு வந்தார். ரெண்டு பேருமா வெளிய முத்தத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தம்.

இருபது வருசமா இதைத்தானே படிப்பிக்கிறன்! ரத்தத்தில ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடிச்சா விடாது எண்டு கரும்பலகையில படம் வேற கீறினன். அந்த நேரம் என்ர மனுசன் அதைத்தான் மூச்சா இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம். கண்ணாடியை மாத்தச் சொன்னவள் நான்.

நேற்றுப் பின்னேரமே ஆசுபத்திரியில் கண் விழித்தார். ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து கேட்ட முதல் கேள்வி: "புள்ள முழிச்சிட்டா?" அழுதுகொண்டே ஏசினேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

கதவு இரண்டையும் நிஸ்தார் வந்து கழற்றிவிட்டார். பீப்பா இப்போது முற்றத்தில், வானத்துக்குக் கீழே. இன்று எறோல் மறுபடி வேலை தொடங்குகிறார். சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கலாம் என்று ஸாதியாவிடம் போனேன். கண் கலங்கிவிட்டாள்.

"எங்களுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர். வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயே இந்த எஞ்சின் சத்தத்தக் கேட்டு வளந்த புள்ள. கதவச் சாத்தினதுக்குப் பொறவு ஒழுங்கா உறங்கினதே இல்ல."

புகை வாவிப் பக்கம் போகிறது. அதுவும் எங்கேயாவது போய்த்தான் சேரும். எஞ்சின் ஓடுகிறது. அடுத்த வீட்டில் பிள்ளையின் சத்தமே இல்லை, உறங்கிவிட்டது போலும். நான் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பிப் போய் யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எறோல் கையை அசைக்கிறார்.