சுவர்ப்பக்கம்

திருச்சுழி
3.8.1994

என் தூங்குமூஞ்சி மாமாவுக்கு,

நேற்று உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. லாரி கவிழ்ந்த இடத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

சோறு இறங்காததாலோ என்னவோ, எனக்கு நாள் தள்ளிப்போனது. அத்தை கவனித்துவிட்டார்கள். "எம் மகன் என்னைய வெறுங்கையா விட்டுட்டுப் போகலத்தா" என்று மாதா கோயில் வாசலிலேயே எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டார்கள். உங்களைப் புதைத்த நாளிலிருந்து பட்டினி கிடந்தவர்கள், நேற்று இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குப் பப்பாளி கூடாதாம்.

கல்யாணமாகி ஒன்றரை வருசம். தினமும் லோடு இறக்கிவிட்டு வந்து, "அலுப்பா இருக்குடி, நாளைக்குப் பாப்பம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பீர்கள். மறுநாளும் அதேதான். ஆனால் அருப்புக்கோட்டை போனால் எனக்குப் பூ வாங்காமல் வந்ததில்லை. அதனால் நானும் கேட்கவில்லை. இப்போது வெளியே சொன்னால், செத்துப்போன உங்களைத்தான் சிரிப்பார்கள்.

இன்று காலையில் தூரமாகிவிட்டேன். துணியை ஒளித்து வைத்திருக்கிறேன். அத்தை உங்கள் பழைய வேட்டியைத் தொட்டிலுக்கு மடித்து ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லாத பிள்ளை கலைந்துபோனது என்று சொல்லி, அவர்களை இன்னொரு தரம் அழவைக்கப் போகிறேன். வேறு எதுவும் சொல்ல என்னால் ஏலாது.

அதற்கு முன்னால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். நிசமாகவே அலுப்புத்தானா மாமா, இல்லை, என்னைப் பிடிக்கவில்லையா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி