மேல் வரி உன்னுடையது

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் கொம்பு போட்ட எழுத்து மேல்கோட்டை இடிக்கிறது, சுழி போட்ட எழுத்து கீழ்க்கோட்டைத் தாண்டி வழிகிறது. அரைப் பக்கம் முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, கட்டைவிரல் கடுக்கிறது. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி எழுதவைக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

இன்று காலை லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் பொத்தான்களின் இடுக்கிலிருந்து உன் பவுடர் வாசனை வந்தது. விரல் வியர்த்தால் வழுக்குகிறது என்று, தட்ட உட்காரும் முன் உள்ளங்கையில் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்வாய். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. என்னோடு கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட நீ அவ்வளவு பவுடர் போட்டதில்லை. ஒரு மிஷினுக்கு இவ்வளவு அலங்காரமா என்று கேட்டேன். "அது என்னை எதிர்த்துப் பேசாதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு நீ தட்ட ஆரம்பித்தாய்.

மகள் படித்த காலத்து லேப்டாப். கல்யாணமாகிப் போகும்போது அதை இங்கேயே விட்டுப் போனாள். சர்ச்சின் ஞாயிறு அறிவிப்புத் தாளைத் தமிழில் தட்டித் தர நீ ஒப்புக்கொண்டதும், பழைய மிஷினுக்கு இலேசானது நல்லது என்று லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டம் போட்டுத் தந்தவன் சர்ச்சில் பழக்கமான அருள்தாஸ். மகளின் படங்களெல்லாம் இருந்ததால் அதிலிருந்த விண்டோஸையும் அழிக்கவில்லை. ஒரே மிஷினுக்குள் இரண்டு குடித்தனம். அதன்பிறகு லேப்டாப்பைத் திறந்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் சில வரிகள். மேல் வரி உன்னுடையது. கடைசி வரி விண்டோஸ். எனக்கு அப்போது எந்த மொழியும் படிக்கத் தெரியாது. ஆனால் மேல் வரி உன்னுடையது என்று மட்டும் தெரியும்.

அருள்தாஸ் நல்லவன். அதுதான் எனக்குக் கஷ்டம். திருநெல்வேலிக்காரன், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்தலை முழுக்க வழுக்கை. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். அவன் வந்தால் பூப்போட்ட பீங்கான் கப் இறங்கும். அவன் போன பிறகு எனக்கு அதே பழைய டம்ளர். உஸ்மானியா பிஸ்கட் டப்பா அவனுக்குத்தான் முழுதாகத் திறக்கும். "தம்பி விரல் பட்டாலே மிஷின் சொன்னபடி கேக்குது" என்று நீ ஒருநாள் சொன்னாய். லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஆயுசெல்லாம் இரும்பு கடையும் லேத் ஓட்டினவன் நான். என் விரலைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வரும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே நான் எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்காது. கொடியில் காயும் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

நான் ரிட்டயரான பிறகு நீ எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாய். பாதி எழுத்து வந்ததும், படித்துப் பழக நீயே பாடங்கள் தட்டினாய். பெரிய பெரிய எழுத்தில், திரை நிறைய. ஒவ்வொரு பாடமும் நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றியது. பால்காரர், இஸ்திரிக்காரம்மா, மாடிவீட்டு நர்ஸ். ஞாயிறு சர்ச் முடிந்து வந்து வாரத்துக்கு ஒன்றுதான். அதற்குமேல் கேட்டால், "நக்கோன்னா விடுங்க, வேண்டாம்னா வேண்டாம்தான், எழுத்து எங்கயும் ஓடிப்போகாது" என்பாய். அருள்தாஸுக்கும் ஒரு பாடம் வந்தது. பால்காரர் பாடத்தைவிடப் பெரியது. அதைப் பார்த்து நோட்டில் எழுதவும் வைத்தாய். என் கையால் அவன் வழுக்கையைப் பற்றி எழுதினேன்.

என் பாடம் எப்போது வரும் என்று கேட்டேன். "வரும் வரும். உங்களை எழுதறதுக்கு நான் இன்னும் பழகணும்" என்றாய்.

ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறதா? நீ தட்டிக்கொண்டே உனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது பாதி எழுத்துதான் தெரியும், அதுவும் நீ விரல் வைத்துக் காட்டினால்தான். யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டேன். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள்தான்" என்றாய். திரும்பவும் அருள்தாஸ்தான் என்று முடிவு செய்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டின்போது உன்னோடு பேசவில்லை.

போன மழையில் நீ படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்த பழைய பாடங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். மிச்சப் பாடங்கள் மிஷினுக்குள் உன் பக்கத்தில் இருக்கின்றன, எனக்காகக் காத்திருக்கின்றன என்ற தைரியம். மகள் சொல்லித்தருகிறேன் என்றாள். சர்ச்சில் பெரியவர்களுக்கு வகுப்பு இருக்கிறது என்றார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வேறொருவர் பாடத்தில் நான் படிப்பதா? எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டர் லீவில் மாப்பிள்ளை வந்தார். பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்கு ஆகும் என்று லேப்டாப்பைத் தூசி தட்டி, மகளின் படங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மூடித் திறந்தால் கறுப்புத் திரை வரவில்லை. மேல் வரியும் இல்லை, கீழ் வரியும் இல்லை. நேரே விண்டோஸுக்குள் போய் நின்றது.

மாப்பிள்ளை தேடிப் பார்த்தார். "மாமா, இங்க ஒரு இடம் சும்மா கிடக்கு. உள்ள ஒண்ணும் தெரியல. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, பண்ணிடட்டுமா? பாப்பாவுக்கு இடம் நிறையக் கிடைக்கும்" என்றார்.

மாப்பிள்ளையிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை வைக்காதீங்க, அது அத்தையோட இடம் என்றேன். அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு போகிறேன், அதற்குள் பார்த்து வையுங்கள் என்று சொல்லிப் போனார்.

அருள்தாஸைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம். எனக்கும் தெரியும். ஆனால் நீ போன பிறகும் உன் பக்கத்துக்கு அவன்தான் எனக்கு வழி காட்டணுமா? இந்த ஊர்க்காரர்கள் கேட்பதுபோல், கைக்கு? எதற்கு? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். அவன் உனக்குக் கொடுத்த பென் டிரைவை நீ பீரோவில், நகைப்பெட்டிக்குள் வைத்திருந்தாய். (நகைப்பெட்டிக்குள். இதையும் நான் கவனித்தேன்.) ஏதாவது ஆகிவிட்டால் அதைச் சொருகி, மேல் வரிசையில் பன்னிரண்டு போட்ட பொத்தானை அமுக்கினால் அதற்குள்ளிருந்து லினக்ஸ் எழும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நீ சொன்னது நினைவிருந்தது.

சொருகினேன். மிஷினைப் போட்டேன். காத்திருந்து அமுக்கினேன். விண்டோஸ்தான் வந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் அதே. பொத்தானை மெதுவாக அமுக்கிப் பார்த்தேன், அழுத்தி அமுக்கிப் பார்த்தேன். பவுடர்கூடப் போட்டுப் பார்த்தேன், சிரிக்காதே. வியாழன் வரை இப்படியே போயிற்று. ஞாயிறு நெருங்கியது. பொறாமையா பாடமா என்று யோசித்தேன். பாடம் ஜெயித்தது, கொஞ்ச வித்தியாசத்தில்.

போனில் எல்லாவற்றையும் கேட்ட அருள்தாஸ், "அங்கிள், அந்தப் பட்டனை எப்போ அமுக்குறீங்க?" என்றான்.

"மிஷின் நல்லா எழுந்து நின்னப்புறம்தான் தம்பி" என்றேன். லேத்தில் எனக்கு முதல்நாள் சொல்லித்தந்தது அதுதான். முழு வேகம் எடுக்கும்வரை கையை வைக்காதே, வைத்தால் கை இருக்காது. அந்த ஒரு பழக்கத்தால்தான் பத்து விரலோடு ரிட்டயரானேன்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் போனை வைத்திருப்பேன். "இது எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கணும் அங்கிள். எழுந்துட்டா அப்புறம் யார் சொல்லையும் கேக்காது" என்றான். பிறகு, "நான் சனிக்கிழமை வாரேன், பாத்துக்கிடலாம். ஆன்ட்டியோடது எங்கயும் போயிருக்காது" என்றான்.

சனிக்கிழமை வந்தான். நான் பால்கனிக்குப் போகவில்லை. பூப்போட்ட கப்பில் நானே காபி போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டேன். நீங்க சொல்லணும், நான் தட்டணும், உங்க விரல் படக்கூடாது. அவன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி அங்கிள், என் ரெண்டு கையும் இங்கதான் இருக்கு" என்றான். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய்.

இந்தமுறை மிஷின் கண் விழிக்கும் முன்பே பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்தது. அவன் சொன்ன இடத்தில் பார்த்தோம். மாப்பிள்ளை சும்மா கிடக்கிறது என்று சொன்ன இடத்தில் உன் பக்கம் அப்படியே இருந்தது. "வீடு பத்திரமா இருக்கு அங்கிள். வாசல்ல நின்னு வழி சொல்ற ஆளைத்தான் காணோம். அவன் பேருதான் பூட் லோடர். அவனைத் திரும்ப நிறுத்திட்டா போதும்" என்றான். இதைச் சொல்ல நான்கு நாள் முன்பே அவனைக் கூப்பிட்டிருக்கலாம். இருக்கட்டும்.

அவன் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான். லேத் வேலைக்கான படங்களில் பார்த்துப் பழகிய எழுத்துகள்தான், நான் தேடித் தேடித் தட்டினேன். உன் பக்கம் எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குக் காட்ட ஒரு வரி. வாசல் ஆளை நிறுத்த ஒரு வரி. உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவனையே தேடி எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி. ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினால், "பரவால்ல, அழிச்சிட்டுப் போடுங்க" என்பான். உன்னைப் போலவே சொன்னான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் காபி ஆறிப்போனது. கப்பைக் கீழே வைக்கவே இல்லை.

கடைசியில் திரையில் ஏதோ வந்தது. தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுகிறது என்றான். பென் டிரைவை உருவிவிட்டு மிஷினை நிறுத்தித் திரும்பப் போட்டோம். கறுப்புத் திரை வந்தது. மேல் வரி நீ. கடைசி வரி மாப்பிள்ளை. நான் அம்புக்குறிப் பொத்தானைத் தொடவில்லை. மேல் வரியிலேயே நின்று அதுவாக உள்ளே போனது.

பாடங்கள் இருந்தன, எல்லாம். நான் முதலில் தேடியது என் பெயரை. வரிசையில் இல்லை. அருள்தாஸ் தேடும் இடத்தைக் காட்டினான். என் பெயரை நானே தட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். உடனே வந்து நின்றது. அவன் முகம் சங்கடப்பட்டது. "ஆன்ட்டி எழுதாம இருந்திருக்க மாட்டாங்க அங்கிள்" என்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நன்றி சொல்லி, மிச்ச பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டேன்.

அவன் போன பிறகு, நீ சொல்லித்தந்தபடி ஒவ்வொரு தலைப்பின் மேலும் விரல் வைத்து மெதுவாகப் படித்தேன். பூக்காரி. பாஸ்டர். வாட்ச்மேன் நாய். மருமகன். அப்புறம் ஒரே சொல்: இவர்.

எனக்கு ஏன் அது முதலிலேயே தோன்றவில்லை? நீ ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட, "இவரையே கேட்டுக்குங்க" என்றுதான் சொன்னாய். கம்ப்யூட்டரிடம் மட்டும் சொல்லிவிடுவாயா?

திறந்தேன். உன் பாடத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன். பார்த்து எழுதுவதில் எனக்குத் தப்பு வராது.

"இவர் மெட்டுகுடாவில் இருக்கிறார். இவர் லேத் ஓட்டினார். இவர் கையில் இரும்பு வழவழப்பாகும். இவருக்குக் கோபம் வரும். அருள்தாஸ் வந்தால் இவர் துணி காயப்போடப் போவார். இப்போது இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த எழுத்தைத்தான் பார்க்கிறார். யாரைப் பற்றி என்று கேட்கிறார். நான் சொல்லவில்லை."

இரும்பு வழவழப்பாகும் என்ற வரியை இன்னும் ஒருமுறை படித்தேன். பிறகு இன்னும் ஒருமுறை. எண்ணியும் பார்த்தேன். அருள்தாஸ் பாடத்தைவிட ஒரு வரி குறைவுதான்.

ஆனால் இப்போது அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வேறொருவன்மேல்தான் வயிற்றெரிச்சல். அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் தோள் உரச உட்கார்ந்திருந்தானே, அந்த ஆள். ஒரு வரி படிக்கத் தெரியாது. கண் முன்னால் தன்னைப் பற்றி ஓடுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பவுடர் வாசனை அவ்வளவு பக்கத்தில் இருந்தது அவனுக்கு. நான் முழுப் பாடத்தையும் தடுமாறாமல் படித்துவிட்டேன். அவன் இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

மாப்பிள்ளை ஞாயிறு வந்தார். பேத்திக்கு வேறு லேப்டாப் பார்த்துக்கொள்ளுங்கள், இது வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கறுப்புத் திரையில் மேல் வரியை அவருக்கு நானே படித்துக் காட்டினேன். இங்கிலீஷ்தான், அருள்தாஸிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். மாப்பிள்ளை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மிச்சப் பாடங்களை ஒரே மூச்சில் படிக்க ஆசைதான். உன் சட்டம் தெரியும், வாரம் ஒன்றுதான். அடுத்த ஞாயிறு வாட்ச்மேன் நாய். படித்த கையோடு உனக்கு எழுதுகிறேன். அந்த நாய்க்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறாய் என்று இன்னும் பார்க்கவில்லை.