மூன்று விரல் இடைவெளி

பிப்ரவரி 9, திங்கள்

அளவெடுக்கும் டேப்புகள் வந்துவிட்டன. ஒரு பெட்டி நிறைய. நல்ல மஞ்சள் நிறம், ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ‘அக்கா தங்கை திரைச்சீலைகள்’, அதன் கீழே என் போன் நம்பர். எங்களிடம் திரை தைத்துக்கொள்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இலவசம். யோசனை என்னுடையது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வேறு யார் தட்டப்போகிறார்கள்?

மாஸ்டர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, ரப்பர் வாசனை அடிக்கிறது என்றார். துணி வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. குறை சொல்வது பொழுதுபோக்கு.

கடைப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள், “நீங்க அக்காவா, தங்கச்சியா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. இன்றும் ஒரு அம்மா கேட்டார். அக்கா வழக்கமான பதிலையே சொன்னாள்: “உக்காந்து கதை பேசினா அக்கா. நின்னுக்கிட்டே கணக்கு பேசினா தங்கச்சி.” அந்த அம்மா சிரித்து, உட்கார்ந்து, வரவேற்பறைக்கும் இரண்டு படுக்கையறைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கடை ஓடுவது பாதி இந்தச் சிரிப்பால்தான். அக்காவிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் அதிக நேரம் பேசுவாள்.

பிப்ரவரி 12, வியாழன்

அக்கா மஞ்சள் டேப்பைத் தொட மாட்டேன் என்கிறாள். அத்தானின் கருவிப்பெட்டியிலிருந்து கொண்டுவந்த இரும்பு டேப்புதான் வேண்டுமாம். அத்தான் எலக்ட்ரீஷியன். அந்த டேப்பு எத்தனை சுவரைப் பார்த்ததோ, துருப்பிடித்து, முனை வளைந்து, உறைமேல் பெயின்ட் தெறித்துக் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பளிங்குத் தரை போட்ட வீடுகளுக்குள் போகிறாள். கேட்டால், “அவங்க ஜன்னலைத்தானே அளக்கறேன். டேப்பையா பார்க்கறாங்க?” என்கிறாள்.

பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் இந்தக் கடையைத் தொடங்கியது, ஏதோ வீட்டில் சும்மா இருக்கிற இரண்டு பெண்கள் பொழுது போகாமல் தைக்கிறார்கள் என்று பேர் வாங்குவதற்கு இல்லை. சண்டை போட்டு அந்த இரும்பைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சள் டேப்பு இரண்டை அவள் பையில் போட்டேன். வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

மழை. கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. மாஸ்டர் மேசையிலேயே தூங்கினார். எழுப்பவில்லை, இன்று ஒரு நாளாவது நல்லவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

கிடைத்துவிட்டது! வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. எல்லா அறைக்கும் எங்கள் திரை. வார்டன் அம்மா கறாரானவர், ஆனால் நேரே பேசுகிறார். கீழ்த்தளத்து அறைகள் தெருப்பக்கம். ஜன்னல்கள் ஆள் உயரம், எதிரே பஸ் நிறுத்தம். திரை சட்டத்துக்கு உள்ளேயே தொங்கி அடிக்கட்டையைச் சரியாகத் தொட வேண்டும், மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம் என்றார். செய்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

அக்கா அளவெடுக்கத் தொடங்கியிருக்கிறாள். வழக்கம்போல ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்து, வெயில் எந்தப் பக்கம் வருகிறது, இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் தூங்குகிறவள் யார் என்று விசாரணை. போகிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகிக் காலி செய்துவிடுவார்கள் என்று கேலி செய்தேன்.

திரும்பி வரும்போது சொன்னாள்: “இந்த டேப்பு கொழகொழன்னு இருக்குடி. இழுத்துப் பிடிச்சாத்தான் நேரா நிக்குது.”

புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து உனக்கு எல்லாமே கொழகொழதான் என்றேன். அவளும் சிரித்தாள்.

மார்ச் 20, வெள்ளி

மாஸ்டர் வெட்டி முடித்துவிட்டார். கடையில் நடக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சாம்பல் நீலத் துணி. மனசு நிறைந்திருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் அறையில் திரையை மாட்டினோம். கீழே அடிக்கட்டையைத் தொடவில்லை. வார்டன் அம்மா குனிந்து அந்த இடைவெளியில் விரல்களை நுழைத்துப் பார்த்தார். மூன்று விரல் போயிற்று. அடுத்த அறை, அதற்கடுத்த அறை, எல்லாம் அப்படியே. பழைய திரைகளை நேற்றே கழற்றிப் போட்டுவிட்டார்களாம். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டிக்கொண்டே இருந்தான். ஒரு பெண் செய்தித்தாளை மடித்து இடைவெளியில் செருகினாள்.

“யார் அளவு எடுத்தது?” என்று வார்டன் அம்மா கேட்டார்.

நாங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதற்குத்தானே பலகையில் இரண்டு பேரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம்?

“எங்க அக்காதான் எடுத்தாங்க. அவங்களுக்கு இப்பல்லாம் நம்பரே சரியாத் தெரியறதில்லை. நான் கவனிச்சிருக்கணும்” என்றேன்.

நான் கவனித்திருக்க வேண்டுமாம். என்ன பெருந்தன்மை! அக்கா அப்போது ஸ்டூல்மேல் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வார்டன் அம்மா இருந்தார், மாஸ்டர் இருந்தார், வாசலில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அக்கா மெதுவாக இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். கையிலிருந்த டேப்பைச் சுருட்டி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, “நான் பஸ்ல போய்க்கறேன்” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கும் கோபம் வராதா? எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு துணி. கோபத்தில் சொல்வதுதானே. அவளுக்குத் தெரியாதா என்னை?

ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கா வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

இன்றும் இல்லை. அத்தான் போன் செய்தார். “கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்மா” என்றார். சரி அத்தான், கோபம் ஆறட்டும் என்றேன். வைத்தபிறகுதான் தோன்றியது — யாருடைய கோபம் ஆற வேண்டும் என்று சொன்னேன்?

ஏப்ரல் 11, சனி

எல்லாத் திரையும் மறுபடி தைத்துத் தருவதாக வார்டன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டாயிற்று. காலையில் நானே அளவெடுக்கப் போனேன். அக்கா விட்டுப்போன டேப்பு என் பையில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பிடித்து, பார்த்து, எழுதினேன். நாலைந்து அறை முடிந்ததும் அக்கா எழுதித் தந்திருந்ததோடு ஒத்துப் பார்த்தேன்.

ஒன்றுகூடப் பிசகவில்லை. அதே எண்கள்.

அப்படியானால் மாஸ்டர்தான் என்று நினைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஒருத்தரை விட்டால் இன்னொருத்தர், என் புத்தி அப்படி. வெட்டு மேசையின் ஓரத்தில் பித்தளை அளவுகோல் பதித்திருக்கிறது. வெட்டியது தப்பு என்று அவரிடம் நிரூபிப்பதற்காக டேப்பை அதன்மேல் இழுத்து வைத்தேன். டேப்பில் 150 இருந்த இடத்தில் பித்தளை 155 என்றது.

பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்தேன். சரியாக இருந்தது. ஒரு முனையை மாஸ்டரைப் பிடிக்கச் சொல்லி நன்றாகப் பலமுறை இழுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நீண்டிருந்தது.

ஜன்னல் 155. இழுபட்டுப்போன டேப்பு அதை 150 என்று காட்டியிருக்கிறது. அக்கா பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். மாஸ்டர் எழுதியதை எழுதியபடி வெட்டினார். அகலத்திலும் இதே தப்பு நடந்திருக்கிறது, மடிப்புக்குள் மறைந்துவிட்டது. உயரத்துக்கு ஒளிய இடமில்லை.

டேப்பு என்னுடையது. என் போன் நம்பர் அச்சடித்த டேப்பு. கொழகொழவென்று இருக்கிறது என்று அவள் சொன்னாள். நான் அவள் கண்ணாடியைக் கேலி செய்தேன்.

குறை சொல்ல மாஸ்டருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது, ஆனாலும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போடச் சொன்னேன். எத்தனை வீட்டில் இந்த மஞ்சள் பாம்பு சுருண்டு படுத்திருக்கிறதோ.

ஏப்ரல் 26, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். கதவைத் திறந்தவள் ஒன்றுமே நடக்காதது போல, “வெயில்லயா வந்த? உக்காரு” என்றாள். டீ போட்டாள். என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். நான் அத்தானின் சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். தலையணை உறை ஒன்றை மடியில் வைத்துக் கையால் தைத்துக்கொண்டே பேசினாள். கடையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவளே மறந்துவிட்டாள், நான் போய்க் கிளறுவானேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வருவதற்குள் அது எனக்கே நம்பிக்கையில்லாமல் போயிற்று.

மே 10, ஞாயிறு

கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கார் ஓட்டக் கற்றுத்தருகிற மனுஷர், ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. இன்றும் போடவில்லை. “ஹாஸ்டல்ல அத்தனை பேர் முன்னாடி சொல்ல வாய் வந்துச்சு. அவ வீட்ல, அவ ஒருத்தி முன்னாடி சொல்ல ஏன் வரல?” என்று மட்டும் கேட்டார்.

மே 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தரையில் விரித்து, பித்தளை அளவுகோல் கதை முழுவதையும் ஒப்பித்தேன். தப்பு உன் கண்ணில் இல்லை, என் டேப்பில் என்றேன். அழவும் செய்தேன். அக்கா தைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்டி. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே அவரோட இரும்பு டேப்பைப் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன். இன்னொரு மஞ்சள் டேப்பு என் பையிலதானே இருந்துச்சு, அதுவும் இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்துச்சு.”

தெரிந்துமா சொல்லாமல் இருந்தாய் என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

“நீ எங்கிட்ட எதையுமே கேக்கலயே. என்னக்கா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே யோசிச்சிருப்போம், ரெண்டு பேருமா.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “டேப்பு தப்புன்னு தெரிஞ்சதால என்னைத் தேடி வந்திருக்க. டேப்பு சரியா இருந்து, நிஜமாவே நான்தான் தப்பா எழுதியிருந்தா? அப்ப வந்திருப்பியா?”

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எதிரில் இருப்பவள் அக்கா. பொய் சொன்னால் கண்ணாடி இல்லாமலே அவளுக்குத் தெரியும்.

அந்த வார்டன் அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

திரும்ப வா என்று கெஞ்சினேன். வரமாட்டாளாம். கோபமில்லையாம். “அக்காவா எப்ப கூப்பிட்டாலும் வரேன். கடைக்கு வேணாம்டி. அங்க நிக்கும்போது இனிமே ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை பார்ப்பேன், நீ பார்க்கறியான்னு மூணாவது தடவை பார்ப்பேன். அது எனக்கு வேணாம்.”

கிளம்பும்போது அத்தானின் இரும்பு டேப்பை எடுத்து என் பையில் போட்டாள். அன்றைக்கு நான் அவள் பையில் போட்டது போலவே.

மே 19, செவ்வாய்

வார்டன் அம்மாவைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். டேப்பு கோளாறு, எங்கள் அக்காமேல் தப்பில்லை என்று. “யாரு, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? நான் அதை அப்பவே மறந்துட்டேன்” என்றார். புதுத் திரைகள் கச்சிதமாக இருக்கின்றனவாம்.

அவர் அப்போதே மறந்துவிட்டார். அவரிடம் நல்ல பேர் வாங்கத்தான் அன்றைக்கு அதைச் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

பழைய வாடிக்கையாளர் வீடு. கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அக்கா வரலையா?” என்றார்கள். காய்ச்சல் என்றேன். பாவம், மாத்திரை போட்டாரா என்று கேட்டார்கள். போட்டார் என்றேன்.

ஜூலை 3, வெள்ளி

மாஸ்டர் ஒரு திரையைத் தலைகீழாக வெட்டிவிட்டார். பூக்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்குகின்றன. வாடிக்கையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “என்ன ஆச்சு மாஸ்டர்?” என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். மனைவிக்கு நாளை ஆபரேஷனாம், மனசு இங்கே இல்லையாம். இரண்டு நாள் வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவைத்தேன். வாடிக்கையாளர், அவசரமில்லை, வேறு வெட்டி வையுங்கள், அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

என்ன ஆச்சு என்று கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜூலை 18, சனி

புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வீட்டில் அளவெடுத்தேன். வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டேன். குழந்தை பகலில் எங்கே தூங்கும் என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பற்றிச் சொன்னாள், நான் என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன், இரண்டாவது டீயும் வந்துவிட்டது. இரும்பு டேப்பின் முனை வளைந்திருப்பதால் கட்டையில் நிற்காமல் நழுவுகிறது. யாராவது அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணே பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது ரசீதில் கடைப் பெயரைப் படித்துவிட்டு, “நீங்க அக்காதானே?” என்றாள். எப்படி என்று கேட்டேன். “இவ்வளவு நேரம் உக்காந்து பேசறீங்களே, அதான்” என்றாள்.

இல்லை, நான் தங்கை என்றேன்.

“அப்ப அக்கா எங்கே இருக்காங்க?”

“வீட்ல இருக்காங்க. நல்லா இருக்காங்க” என்றேன். இந்த முறை காய்ச்சல் என்று சொல்லவில்லை. பிறகு, அந்தக் கடைசி ஜன்னலை இன்னொரு தரம் அளந்துவிடலாம், கொஞ்சம் பிடித்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.