மாப்பிள்ளைக்கு எழுதிய கிரயம்

14 ஜூன் 2003, சனி

என் நகையை விற்று இவர் பெயரில் வாங்கிய கேளம்பாக்கம் மனை போயே போய்விட்டது. தன் தங்கை புருஷனிடம் கடன் வாங்கியபோது இவர் அதை அவனுக்கே கிரயம் எழுதிக் கொடுத்தார். பணம் கட்டினால் மனை திரும்பும் என்பதை அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் அடமானம் என்று வாதாடலாமாம். தனித்தாளில் எழுதியதால் சுத்தக் கிரயம், கெடுவும் முடிந்தது என்று செங்கல்பட்டு வக்கீல் இன்று கைவிரித்துவிட்டார்.

"ஏன் தனியா எழுதினீங்க?" என்றேன்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நிபந்தனை போட்டா மாப்ள இன்னா நெனைப்பாரு?"

அணுமின் நிலையத்தில் இவர் பெரிய இன்ஜினியர்!

மாப்பிள்ளை மனைக்கு வேலி போடுகிறான். கம்பிச்சுருள் ஏற்றிவர நேற்று இவருடைய ஸ்கூட்டரைத்தான் வாங்கிப் போனான். இவர் பெட்ரோல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.